டிஸ்கவரி வீடியோவில் பளிச்சிட்டது என்ன?

விண்வெளி 'மர்ம' வீடியோக்களில் எதை முதலில் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், 1991 செப்டம்பர் 15 அன்று டிஸ்கவரி விண்ணோடத்திலிருந்து பதிவானதைத்தான் சொல்வேன். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக இல்லை. கருப்பு வெள்ளை, தெளிவும் சுமார்தான். ஆனால் இந்த ஒரு துண்டுக்காக இரண்டு தரப்பிலும் விஷயம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு, கட்டுரை எழுதி, வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். மற்ற வீடியோக்களுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

பயணத்தின் பெயர் எஸ்டிஎஸ்-48. செப்டம்பர் 12 அன்று கிளம்பி, வளிமண்டலத்தின் மேலடுக்கை ஆராயும் யூஏஆர்எஸ் என்ற செயற்கைக்கோளை விட்டுவிட்டு, 18 அன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இறங்கியது. தரையிலிருந்து ஏறத்தாழ 570 கிலோமீட்டர் உயரம். சரக்கு அறையில் இருந்த கேமரா பூமியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே இரவு. மேகங்களுக்குள் இடி மின்னல் விட்டுவிட்டு வெட்டுகிறது. விளிம்புக்கு மேலே காற்றொளியின் மெல்லிய பட்டை. விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றி மெதுவாக நகர்கிறது. திடீரென்று பளிச்சென ஒரு வெளிச்சம். உடனே அந்தப் புள்ளி நிற்பது போல நின்று, கூர்மையாகத் திரும்பி வேறு பக்கம் விரைகிறது. அது முன்பு இருந்த இடத்தின் வழியாக ஒரு கோடு பாய்ந்து போகிறது. தரையிலிருந்து யாரோ சுட்டார்கள், அது தப்பித்தது என்று ஒரு கதையே இதிலிருந்து பிறந்திருக்கிறது.

யூடியூபில் தமிழ்க் குரலோடு வரும் பதிப்புகள் சிலவற்றைப் பொறுமையாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே சமையல்தான். புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், நாலு மடங்கு ஸ்லோமோஷன், பின்னணியில் திகில் இசை. பளிச்சுக்கு இரண்டு விநாடி முன்னால் தொடங்கும், புள்ளி ஓடியதும் முடிந்துவிடும். இந்த வெட்டுதான் என் புகார். ஒரு பொய்யான படத்தைக் காட்டுவதைவிட இது மோசம் என்பேன். ஏனென்றால் படம் நிஜம். அதைப் புரிந்துகொள்ளத் தேவையான எல்லாம் வெட்டுக்கு வெளியே போய்விட்டது: மணி என்ன, சூரியன் எங்கே, கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, அந்த நேரத்தில் விண்ணோடம் என்ன செய்துகொண்டிருந்தது. எங்கள் தொழிலில் இப்படி அடிக்கடி நடக்கும். 'ஆப் தொங்கிடுச்சு' என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. லாக் அனுப்புங்க என்பதுதான் எங்கள் முதல் பதில்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். 'மணிக்கு இத்தனை ஆயிரம் மைல் வேகம்' என்று அந்தக் குரல்கள் அடித்துச் சொல்கின்றன. ஒரே கேமராவில் தூரம் தெரியாது. கோணம் மட்டுமே தெரியும். புள்ளி விநாடிக்கு ஒரு பாகை நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கேமராவிலிருந்து 50 மீட்டரில் இருந்தால் அதன் வேகம் விநாடிக்கு 90 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கோவில் பிராகாரம் சுற்றும் பாட்டியின் நடை. அதே புள்ளி பூமியின் விளிம்பில் இருந்தால், 570 கி.மீ உயரத்திலிருந்து விளிம்புக்குச் சுமார் 2,700 கி.மீ; வேகம் விநாடிக்கு 47 கி.மீ, அதாவது மணிக்கு 1,69,000 கி.மீ. படத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றேதான். ஆக, பயங்கர வேகம் என்பது படத்திலிருந்து கிடைத்த முடிவு கிடையாது. அது ரொம்ப தூரத்தில் இருக்கிறது என்று முதலிலேயே எடுத்துக்கொண்ட அனுமானம், சுற்றி வந்து முடிவாக நிற்கிறது.

இல்லையே, விளிம்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வருவது தெரிகிறதே என்று கேட்கலாம். இங்கேதான் சூரியன் முக்கியமாகிறது.

அந்தக் காட்சி பதிவானபோது விண்ணோடத்துக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. கீழே பூமி இன்னும் இருட்டு, ஆனால் 570 கி.மீ உயரத்தில் வெயில் வந்துவிட்டது. மலையுச்சிக்கு முதலில் வெயில் படுவது மாதிரி. விண்ணோடத்தைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் குப்பை மிதந்துகொண்டிருக்கும்: வெளியேற்றிய தண்ணீர் உறைந்த துணுக்குகள், உந்துபொறி வாயில் படிந்து உதிர்ந்த ஐஸ், பெயின்ட் செதில். இரவில் இவை தெரியாது. பகலில் கீழே பளபளக்கும் பூமிக்கு முன்னால் இவை எடுபடாது. மேலே வெயில், பின்னணியில் இருட்டு என்ற அந்தச் சில நிமிடங்களில்தான் ஒவ்வொரு துணுக்கும் நட்சத்திரம் மாதிரி ஜொலிக்கும். விண்ணோடத்தின் நிழலுக்குள் மிதந்துகொண்டிருந்த துணுக்கு நிழலைத் தாண்டி வெயிலுக்கு வரும்போது, எங்கிருந்தோ முளைத்தது போல இருக்கும். நிழலின் ஓரம் கேமராவின் பார்வையில் பூமியின் விளிம்புக்குப் பக்கத்தில் விழுந்தால், விளிம்பிலிருந்து எழுந்தது போலத்தான் தோன்றும். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும் கேமராவுக்கு அது அங்கேதான் விழும்.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1962 பிப்ரவரி 20, ஃப்ரெண்ட்ஷிப் 7 கலத்தில் ஜான் க்ளென் பூமியைச் சுற்றுகிறார். சூரியன் உதிக்கும் நேரத்தில் கலத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஒளித்துளிகள் மிதப்பதைப் பார்த்துவிட்டுத் தரைக்குச் சொல்கிறார். மின்மினிப் பூச்சிகள் மாதிரி இருந்தன என்றார். யாருக்கும் என்னவென்று புரியவில்லை. அதே வருஷம் மே மாதம் ஸ்காட் கார்ப்பென்டர் அரோரா 7 கலத்தில் போனார். உள்ளிருந்தபடியே கையால் சுவரைத் தட்டினார். வெளியே மின்மினிகள் கும்பலாகப் பறந்தன. கலத்தின் வெளிச்சுவரில் படிந்திருந்த உறைபனி. ஒரு தட்டு, விவகாரம் முடிந்தது! மூன்று மாதம் யோசித்துக் கிடைக்காத பதில் அதில் கிடைத்தது.

டிஸ்கவரியில் அப்படி யாரும் தட்டிப் பார்க்கவில்லை. ஆனால் தற்செயலாக ஒரு தட்டு விழுந்தது. அந்தப் பளிச்தான் அது.

விண்ணோடத்தின் திசையைச் சரிசெய்ய இரண்டு வகை உந்துபொறிகள் உண்டு. பெரியவை 38. நுட்பமான வேலைக்கு வெர்னியர் எனப்படும் சின்னவை 6. ஒவ்வொன்றும் 24 பவுண்டு, அதாவது 107 நியூட்டன் அளவே தள்ளும். தரையில் பத்துப் பதினோரு கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கும் விசை. எரிபொருள் மோனோமெத்தில் ஹைட்ரசின், கூடவே நைட்ரஜன் டெட்ராக்ஸைடு. இரண்டும் தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஓபர்க் செய்த முக்கியமான காரியம், வீடியோவை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தது இல்லை. டெலிமெட்ரியைத் தேடிப் போனதுதான். பளிச்சிட்ட அதே நேரத்தில் இடது பின்பக்கத்தில் கீழ்நோக்கி அமைந்த எல்5டி என்ற வெர்னியர் ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாக இயங்கியிருக்கிறது என்று அவர் காட்டினார். லாக் கேட்கும் ஆள் என்ற முறையில் எனக்கு இங்கேயே பாதி வழக்கு முடிந்துவிட்டது.

மீதிப் பாதியைச் சும்மா விட்டுவிடக் கூடாது. ஐஸ் இல்லை என்றவர்கள் சிவப்பு வட்டம் போடும் ஆட்கள் அல்ல. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒமாஹா வளாகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜாக் காஷர் இதை ஃப்ரேம் ஃப்ரேமாக ஆராய்ந்தார். படப் பகுப்பாய்வில் அனுபவம் உள்ள மார்க் கார்லோட்டோ 1995-இல் ஜர்னல் ஆஃப் சயின்டிஃபிக் எக்ஸ்ப்ளோரேஷனில் ஒரு கட்டுரையே எழுதினார். இவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்கிற 'பகுத்தறிவு' பதிவுகளையும் நிறையப் படித்திருக்கிறேன். 'ஐஸ்தாம்பா, விடு' என்று ஒரு வரி. அது எப்படி ஐஸ் என்று கேட்டால் பதில் இருக்காது. ஏலியன் என்று சொல்வதற்கு எவ்வளவு உழைப்பு தேவையோ அதே அளவு உழைப்புதான் இதற்கும், அதாவது பூஜ்யம்.

அந்தத் தரப்பிலிருந்து அடிக்கடி வரும் மூன்று வாதங்கள் எனக்கு வலுவாகப் பட்டன. ஒன்று, உந்துபொறியின் வாயு தள்ளியிருந்தால் புள்ளி பளிச்சிட்ட கணமே திரும்பியிருக்க வேண்டும், ஏன் நின்று நிதானித்துத் திரும்புகிறது? நியாயமான கேள்வி. வாயு விநாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பாய்கிறது, வந்து சேரத் தாமதமே ஆகாது. ஆனால் மேலே எறிந்த பந்தை நினைத்துப் பாருங்கள். புவியீர்ப்பு பந்து கையை விட்ட கணத்திலிருந்தே இழுக்கிறது. பந்து மெல்ல வேகம் குறைந்து, உச்சியில் நின்று, பிறகுதான் கீழே வருகிறது. அந்த நிற்றலை வைத்துப் புவியீர்ப்பு தாமதமாக வந்தது என்று யாரும் சொல்வதில்லை. உந்துபொறியும் ஒரு விநாடிக்கு மேல் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. பளிச் மட்டும் கணநேரம். எரிபொருள் சரியான விகிதத்தில் கலக்காத தொடக்கத்திலும் முடிவிலும்தான் இந்தப் பொறிகள் கண்ணுக்குத் தெரியும்படி மின்னும்; நடுவில் சீராக எரியும்போது வெற்றிடத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆகவே பளிச் முடிந்த பிறகும் தள்ளல் தொடர்கிறது. புள்ளி முதலில் வேகம் குறைகிறது, நிற்கிறது, திரும்புகிறது.

இரண்டாவது, தள்ளப்பட்ட துணுக்குகளின் பாதைகளைப் பின்னோக்கி நீட்டினால் எல்லாம் ஒரே புள்ளியில், உந்துபொறியில், சேர வேண்டாமா? சேரவில்லையே. சேராது. ஒவ்வொரு துணுக்குக்கும் ஏற்கெனவே ஒரு வேகம் இருந்தது. வாயு கொடுத்த வேகம் அதோடு கூடுகிறது. கடைசியில் தெரியும் பாதை இரண்டின் கூட்டல். மூலத்தைக் காட்ட வேண்டியது திசைவேகத்தில் ஏற்பட்ட மாற்றம், கடைசிப் பாதை அல்ல. அதையும் முப்பரிமாணத்திலிருந்து தட்டையான படத்துக்குக் கொண்டுவந்த பிறகு அளக்கிறோம், போதாததற்கு வாயு விண்ணோடத்தின் உடம்பிலேயே பட்டுத் திசை மாறும். இதை வைத்து ஐஸ்தான் என்று நிரூபிக்க முடியாது. ஐஸ் இல்லை என்றும் நிரூபிக்க முடியாது.

மூன்றாவதை நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உந்துபொறி இயங்கியிருந்தால் விண்ணோடம் அசைந்திருக்கும், படத்தில் நட்சத்திரங்களும் விளிம்பும் நகர்ந்திருக்க வேண்டும், அப்படி எதுவும் தெரியவில்லை என்பது வாதம். விண்ணோடத்தின் நிறை ஏறத்தாழ 100 டன். 107 நியூட்டன் விசை ஒரு விநாடி தள்ளினால், தோராயமாக விநாடிக்கு 0.01 அல்லது 0.02 பாகை அளவில்தான் அது சுழல ஆரம்பிக்கும். கேமராவின் பார்வை அகலம் 40 பாகை, அதில் குறுக்கே 500 பிக்சல் என்று வைத்தால் ஒரு பிக்சல் 0.08 பாகை. ஒரே ஒரு பிக்சல் நகர்வதற்கே குறைந்தது நாலு விநாடி. பழைய டேப்பிலிருந்து காப்பி மேல் காப்பி எடுத்த வீடியோவில் அது எங்கே தெரியப் போகிறது? ஆனால் அதே வாயு ஒரு மில்லிகிராம் துணுக்கைத் தள்ளினால் அது தெறித்து ஓடும். யானையும் எறும்பும் ஒரே காற்றில் நிற்கிற கதை.

ஆக, என் தீர்ப்பு ஐஸ் பக்கம். அந்தக் குறிப்பிட்ட புள்ளியை யாரும் கையில் பிடித்துப் பார்க்கவில்லை, அது பெயின்ட் செதிலாகவும் இருக்கலாம். பக்கத்தில் இருந்த சின்னப் பொருள் என்பதை மட்டும் சூரியனும் லாகும் சேர்ந்து சொல்கின்றன. எனக்கு அது போதும்.

போகிற போக்கில் எஸ்டிஎஸ்-75 பற்றியும் ஒரு வார்த்தை, கேட்காமல் விட மாட்டீர்கள். 1996 பிப்ரவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து கயிற்றில் கட்டி விட்டிருந்த செயற்கைக்கோள், 19.7 கி.மீ நீண்டிருந்தபோது கயிறு அறுந்து தனியாகப் போனது. பிறகு தொலைவிலிருந்து அதைப் படம் எடுத்தபோது, வெட்டு விழுந்த வட்டுகள் கூட்டமாக மிதந்தன, கயிற்றுக்குப் 'பின்னால்' போயின. எனவே அவை பல கிலோமீட்டர் அகலம் என்றார்கள். கயிற்றின் தடிமன் 2.5 மில்லிமீட்டர். 100 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து அது படத்தில் பட்டையாகத் தெரிகிறது. ஒரு நூலையே பட்டையாகக் காட்டுகிற கேமரா, ஃபோகஸ் இல்லாத ஒரு துகளை வட்டாகக் காட்டாதா? கயிறு ஏற்கெனவே முழு வெண்மை; அதன் மேல் மங்கலான வட்டு கடந்தால் கூடுதல் வெளிச்சம் பதிய இடமில்லை. பின்னால் போவது போலத்தான் தெரியும்.

இந்தச் சண்டைகள் இத்தனை வருஷம் இழுத்ததற்கு ஒரே காரணம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: வீடியோ ஒருவர் கையில், லாக் இன்னொருவர் கையில். இரண்டும் ஒரே இடத்தில், எல்லோர் கையிலும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது.

2015 பிப்ரவரியில் ஏவிய டிஸ்கவர் விண்கலம் (பெயர் மட்டும்தான் அந்த விண்ணோடத்தை ஞாபகப்படுத்துகிறது) 15 லட்சம் கி.மீ தூரத்தில், சூரியனுக்கும் நமக்கும் நடுவே, முதல் லக்ராஞ்சியன் புள்ளியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் எபிக் கேமரா பகல் பக்கப் பூமியை மட்டும் தினமும் பல தடவை படம் எடுத்துவந்தது. படங்கள் இணையத்தில் வந்தன, ஒவ்வொன்றோடும் நேரமும் விண்கலம், சூரியன் இருந்த இடங்களும் சேர்ந்தே வந்தன. பார்த்துக்கொண்டிருந்த பொதுமக்கள் சிலர், அங்கங்கே குண்டூசி முனை மாதிரி ஒளி தெறிக்கிறதே, என்ன அது என்று கேட்டு எழுதினார்கள். கடலில் தெரிந்தால் தண்ணீரில் சூரியன் பிரதிபலிக்கிறது என்று விட்டுவிடலாம். இவை நிலத்தின் நடுவே மின்னின. சிலது சிவப்பு மட்டும், சிலது பச்சை மட்டும், சிலது நீலம் மட்டும்.

நிறம் ஏன் தனியாக வருகிறது என்பது சுவாரசியம். எபிக் கேமரா ஒரே நேரத்தில் வண்ணப் படம் எடுப்பதில்லை. வடிகட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றி, சில நிமிட இடைவெளியில் மூன்று படம் எடுத்து, பிறகு அவற்றைச் சேர்க்கிறார்கள். அதற்குள் பூமி சுழன்றுவிடும். மினுக்கத்துக்கான கோணம் ஒரு வடிகட்டியின் முறையில் அமைந்து அடுத்ததில் கலைந்துவிட்டால், ஒரே நிறத்தில் தெறிக்கும். பச்சை விளக்கோடு யாரும் வரவில்லை!

அந்தத் திட்டத்தின் விஞ்ஞானி அலெக்சாண்டர் மார்ஷாக்கும் குழுவும் 2015 ஜூனிலிருந்து 2016 ஆகஸ்ட் வரையிலான படங்களில் நிலத்தின் மேல் 866 மினுக்கங்களைக் கண்டுபிடித்தார்கள். இடி மின்னலாக இருந்தால் சூரியன் எங்கே இருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை, எங்கு வேண்டுமானாலும் வெட்டும். பிரதிபலிப்பாக இருந்தால், சூரியக் கதிர் விழும் கோணமும் கேமராவுக்குப் போகும் கோணமும் சமமாகும் இடங்களில் மட்டுமே வரும். கணக்குப் போட்டார்கள்; மினுக்கங்கள் அந்த இடங்களில்தான் இருந்தன. ஆக்சிஜன் ஒளியை உறிஞ்சும் அலைநீளங்களை வைத்து உயரத்தையும் மதிப்பிட்டார்கள். 5 முதல் 8 கி.மீ வரை. தரையில் இருக்கும் ஏரியோ கண்ணாடிக் கட்டடமோ இல்லை. உயரமான மேகங்களில் காற்றில் கிடைமட்டமாகப் படுத்து மிதக்கும் தட்டையான ஐஸ் படிகங்கள்.

இங்கேயும் ஐஸ்தான். ஆனால் இந்த ஐஸ், 'விடு' என்று சொன்ன ஐஸ் இல்லை. 2017-இல் கட்டுரையாக வந்தது, அதில் கோணம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் அதே படங்களை நீங்களும் இறக்கி அதே கணக்கைப் போடலாம்.

கட்டுரைக்காக மார்ஷாக் பழைய கலிலியோ படங்களையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். வியாழனுக்குப் போகும் வழியில் கலிலியோ விண்கலம் 1990 டிசம்பரில் பூமியைக் கடந்தது. அந்தத் தரவுகளை வைத்து, பூமியில் உயிர் இருக்கிறதா என்று வெளியாள் மாதிரி தேடிப் பார்த்து, கார்ல் சேகனும் கூட்டாளிகளும் 1993-இல் நேச்சர் இதழில் எழுதியது புகழ்பெற்ற கட்டுரை. அதில் மினுக்கம் கடலுக்கு மேல் தெரிகிறது, நிலத்தின் மேல் இல்லை என்று இருந்தது. மார்ஷாக் அதே படங்களில் தேடினார். நிலத்தின் மேலும் மினுக்கங்கள் இருந்தன, 1990-லிருந்தே.